கிளி ஏன் தலைகீழாகத் தொங்கித் தூங்குகிறது? வாத்துக்கு ஒற்றைக் கால் எதற்கு?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். விடியும் முன்னே தலைவிளக்கு வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தபோது, தோட்டத்து ஓரம் நிற்கும் அயனி மரத்தின் தாழ்ந்த கொம்பில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பச்சைக்கிளி, வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியதாம். காலில் நூல் மாட்டிச் செத்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போனால், கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் பறந்துவிட்டதாம். அதோடு இன்னும் இரண்டு சந்தேகம். தேரூர் குளத்தில் வாத்துகள் தலையே இல்லாதது போல ஒற்றைக் காலில் நிற்பதை அவர் மகள் பார்த்திருக்கிறாள். வீட்டு முற்றத்துச் செம்பருத்தியில், லைட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு பொடிக்குருவி ராத்திரி முழுக்க உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. "இதெல்லாம் விழாமல் எப்படித் தூங்குகின்றன? இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் தூங்க வேண்டும்?" என்பது கேள்வி.

தம்பி, முதலில் அந்தக் கிளியைப் பற்றிய கவலையை விடுங்கள். அதற்குச் சீக்கு எதுவும் இல்லை, அது தூங்குகிற விதமே அதுதான். "கஷ்டப்பட்டு" என்று நீங்கள் கேட்டீர்கள் இல்லையா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. நமக்குக் கஷ்டமாகத் தெரியும் அந்த நிலைதான் அந்தப் பறவையின் உடம்புக்கு மிகக் குறைந்த உழைப்பில் கிடைக்கும் ஓய்வு. தூங்கும் பறவைக்கு மூன்று தேவைகள் உண்டு. கீழே விழக் கூடாது, உடம்புச் சூடு வீணாகக் கூடாது, எதன் வாயிலும் சிக்கக் கூடாது. காலின் அமைப்பு, கழுத்தின் நீளம், படுக்கும் இடம் எல்லாம் இனத்துக்கு இனம் மாறுவதால், மூன்றையும் சமாளிக்கிற வழியும் மாறுகிறது. நீங்கள் பார்த்த மூன்றும் அப்படி மூன்று வழிகள்.

கிளியில் இருந்தே தொடங்குவோம். நீங்கள் பார்த்தது சின்னக்கிளி. தென்னையிலும் பனையிலும் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் நீண்ட வால் பச்சைக்கிளி வேறு, இது வேறு. சிட்டுக்குருவி அளவுதான், சுமார் 14 சென்டிமீட்டர். வால் குட்டை, அலகு சிவப்பு, முதுகின் பின்பகுதியும் நல்ல சிவப்பு, மற்றதெல்லாம் இலைப்பச்சை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளிலும் மலையடிவாரத் தோட்டங்களிலும் வாழ்கிறது. இலங்கையில் இதற்கு நெருங்கிய சொந்தமாக இன்னொரு இனம் உண்டு. இவை எல்லாம் சேர்ந்த பேரினத்துக்கு லோரிகுலஸ் என்று பெயர். தெற்கு ஆசியாவில் இருந்து நியூ கினி வரை பரவியிருக்கும் இந்தப் பேரினத்துக் கிளிகள் எல்லாமே தலைகீழாகத் தூங்குவதற்குப் பேர் போனவை. வேறு கிளிகள் விளையாட்டாகவோ தின்னும்போதோ தொங்கும். இவை தூங்குவதற்கே தொங்குகின்றன.

ஏன்? பறவை ஆர்வலர்கள் பல காரணங்கள் சொல்வதுண்டு. பச்சை உடம்பு இலைகளுக்கு நடுவே தொங்கினால் இன்னொரு இலையாகத்தான் தெரியும் என்பது ஒன்று. மெல்லிய கொம்பின் நுனியில் தொங்கினால், பாம்போ மரநாயோ கொம்பில் கால் வைத்ததுமே அந்த அசைவு பறவைக்குத் தெரிந்துவிடும், பிடியை விட்டாலே போதும், கீழே விழுகிற வேகத்திலேயே சிறகை விரித்துப் பறந்துவிடலாம் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் நியாயமாகவே தோன்றுகின்றன. ஆனால் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது இது சாப்பிடுகிற விதம். சின்னக்கிளிக்கு உணவு பூந்தேனும் கனிந்த பழமும். முருக்குப் பூவிலும் அத்திப்பழத்திலும் அது வேலை பார்ப்பதைக் கவனித்தீர்கள் என்றால், பாதி நேரம் தலைகீழாகத்தான் இருக்கும். கள் இறக்கும் இடங்களில் கலயத்தின் வாயில் தொங்கிக் கள்ளைக் குடிக்கிற பழக்கம்கூட இதற்கு உண்டு. பகல் முழுக்கத் தொங்கியே பிழைக்கிற உடம்புக்கு ராத்திரியும் தொங்குவது ஒரு தனி வித்தை இல்லை.

தலையில் ரத்தம் இறங்கிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நாம் தலைகீழாக நின்றால் கஷ்டம்தான். நம் காலுக்கும் தலைக்கும் நடுவே ஐந்தரை அடி ரத்தக் கம்பம் இருக்கிறது, அதன் கனம் முழுக்கத் தலைக்கு இறங்கும். இந்தக் கிளியின் இதயத்துக்கும் தலைக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். அவ்வளவு சின்ன உயரத்தில் ரத்தத்தின் அழுத்தம் ஏறவும் இறங்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்பு சிறியதாக இருப்பதே அதற்குக் காப்பு.

இனி விழாமல் இருக்கிற விஷயம். பறவை கிளையில் குத்தவைத்தால் முழங்காலும் கணுக்காலும் மடங்கும். காலின் பின்புறமாக ஓடி விரல்நுனி வரை போகும் தசைநாண்கள், சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்தது போல அப்போது இழுபடும். விரல்கள் தானாக மடங்கிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். பறவை எழுந்து நின்றால் பிடி விடும். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் பொரெல்லி இதை எழுதிவிட்டார். பல பாடப்புத்தகங்களில் இந்த விளக்கம்தான் இருக்கும். "பறவைக்குக் காலில் பூட்டு இருக்கிறது, அதனால் விழாது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இது பாதிதான் சரி. தசைநாணின் அடிப்பகுதியில் சிறு சிறு மேடுகளும், அதை மூடியிருக்கும் உறையின் உள்ளே அதற்கேற்ற மடிப்புகளும் பல பறவைகளுக்கு உண்டு. பாரம் ஏறும்போது மேடும் மடிப்பும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், தசை உழைக்காமலே பிடி நிற்கும். வௌவாலின் காலிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இவ்வளவும் உண்மை. ஆனால் எல்லாப் பறவையும் எல்லா நேரமும் இதை நம்பித்தான் தூங்குகிறது என்பது உண்மை இல்லை. 2012இல் ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளை வைத்து கால்டன், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். நம்மூர் மைனாவின் குடும்பத்துப் பறவை அது. தூங்கும் ஸ்டார்லிங்கின் முழங்கால் கொஞ்சம்தான் மடங்கியிருந்தது, விரல்கள் கிளையை இறுக்கிப் பிடிக்கவே இல்லை, உள்ளங்காலின் நடுமெத்தையை வைத்துச் சமநிலையில் நின்றுகொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்தபோது கிளையில் தானாக நிற்க முடியவில்லை. கால் தானாகவே பூட்டிக்கொள்கிறது என்றால் மயக்கத்திலும் நின்றிருக்க வேண்டும் அல்லவா?

அப்படியானால் தூங்கும் பறவையின் நரம்பு மண்டலம் முழுதாக ஓய்ந்துவிடவில்லை, ஏதோ ஒன்று விழித்திருந்து சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது. அந்த ஏதோ ஒன்று இடுப்பில் இருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. நமக்குச் சமநிலை உணர்வு உள்காதில். பறவைக்கும் உள்காதில் உண்டு. ஆனால் அது தலையைத் திருப்பி முதுகில் வைத்துவிட்டால் உள்காது சொல்லும் செய்தியை மட்டும் நம்ப முடியாது. ஜெர்மனியில் ரெயின்ஹோல்ட் நெக்கர் என்பவர் புறாக்களை வைத்துக் காட்டியது இது: இடுப்பெலும்புக்கு உள்ளே, தண்டுவடத்தை ஒட்டித் திரவம் நிறைந்த சிறு கால்வாய்களும் அதற்கான நரம்பணுக்களும் இருக்கின்றன, உடம்பு சாய்ந்தால் அதை அங்கேயே உணர்ந்து கால்களுக்குச் சொல்லிவிடுகின்றன. தலை எங்கே கிடந்தாலும் இடுப்பு தன் வேலையைப் பார்க்கும்.

சரி, சின்னக்கிளிக்கு வருகிறேன். அது தொங்கும்போது கால் நீண்டுதான் இருக்கிறது, முழங்கால் மடங்கி நாணை இழுக்கிற பேச்சுக்கே இடமில்லை. அங்கே வேலை செய்யக்கூடியது விரலில் இருக்கும் மேடும் மடிப்புமான அந்தப் பிடிதான் என்று நினைக்கிறேன். உடம்பின் கனமே விரலைக் கொம்பின் மேல் அழுத்தும். கிளிக்கு விரல்கள் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. அந்தப் பிடி லேசில் நழுவாது.

செம்பருத்தியில் உட்கார்ந்திருக்கும் உருண்டைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வர்ணனையைப் பார்த்தால் தையல்சிட்டு மாதிரிதான் இருக்கிறது. இலையைத் தைத்துக் கூடு கட்டுமே, அதே குருவி. தூங்குவதற்கு மேலே இலை மறைப்பு உள்ள மெல்லிய குச்சியைத்தான் தேடும். வீடுகளுக்கும் விளக்குகளுக்கும் பக்கத்திலேயே அடைகிற வழக்கமும் அதற்கு உண்டு. இவ்வளவு சின்ன உடம்பில் சூடு வெகு சீக்கிரம் போய்விடும், அதனால் இறகை எல்லாம் சிலிர்த்து நடுவே காற்றை அடைத்துக்கொள்கிறது. கால், அலகு எல்லாம் அந்த இறகுக்குள் போய்விடுவதால்தான் உருண்டையாகத் தெரிகிறது. குஞ்சு பொரித்த காலமாக இருந்தால் இரண்டு பெரியவை ஓரத்திலும் பறக்கப் பழகிய குஞ்சு நடுவிலுமாக ஒட்டி உட்கார்ந்திருப்பதைக்கூடப் பார்க்கலாம். தவிட்டுக்குருவிகளும் பஞ்சுருட்டான்களும் இதையே இன்னும் பெரிய வரிசையாகச் செய்யும். தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே கொம்பில் நெருங்கி அடையும்.

இப்போது குளத்துக்குப் போவோம். சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அக்டோபர் தாண்டினால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, சீழ்க்கைச் சிறகி, கூழைக்கடா, நாரைகள் எல்லாம் சேர்ந்து கூடும் இடம். உச்சிவெயிலில் போனால் பாதிப் பறவை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். தூக்க நிலைகளைப் பார்க்க நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ரோட்டு ஓரத்திலேயே நின்று பார்க்கலாம்.

தலை இல்லாமல் தெரிவதை முதலில் சொல்லிவிடுகிறேன். "தலையை இறக்கைக்குள் சொருகித் தூங்கும்" என்றுதான் சின்ன வயதில் இருந்து கேட்டிருப்போம். இறக்கைக்குள் இல்லை. கழுத்தைப் பின்னால் திருப்பி, அலகைத் தோளுக்கு மேலே முதுகு இறகுகளுக்குள் செருகுகிறது. நமக்கும் பெரும்பாலான பாலூட்டிகளுக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான். பறவைகளுக்கு 13 முதல் 25 வரை உண்டு, அதனால் இது சுலபம். இதில் இரண்டு லாபம். ஒன்று, அலகில் இறகு கிடையாது, ரத்த ஓட்டம் உண்டு, சூடு அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். அலகை மூடிவிட்டால் அந்தக் கதவும் சாத்தியாயிற்று. இரண்டு, கழுத்துத் தசைக்கு ஓய்வு. நமக்குக் கனவு வரும் அந்தத் தூக்கக் கட்டம் பறவைக்கும் உண்டு, ஆனால் ஒரு தடவைக்குச் சில நொடிகள்தான் நீடிக்கும். அந்த நொடிகளில் கழுத்துத் தசை தளர்ந்துவிடும். நெருப்புக்கோழியின் தூக்கத்தை 2011இல் பதிவு செய்தவர்கள் இதை அப்பட்டமாகப் பார்த்தார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் கழுத்தை நிமிர்த்திக் கண்ணைத் திறந்து வைத்திருந்த பறவை, கனவுக் கட்டம் வந்ததும் கண்ணை மூடித் தலையைத் தொங்கவிட்டது. வாத்து தலையை முதலிலேயே முதுகில் சாய்த்துவிடுவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஒற்றைக் கால். இதற்கும் இரண்டு விளக்கம் உண்டு, இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். பறவையின் உடம்புச் சூடு சுமார் 40 டிகிரி. கால் மட்டும் இறகில்லாத வெறுங்கால், அது தண்ணீரில் நின்றால் சூடு இறங்கும். காலுக்கு இறங்கும் ரத்தக் குழாயும் ஏறும் ரத்தக் குழாயும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடி, இறங்கும் ரத்தத்தின் சூட்டை ஏறும் ரத்தம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் ஒரு காலைத் தூக்கி வயிற்று இறகில் செருகிக்கொண்டால் வீணாவது இன்னும் குறைகிறது. பூநாரைகளை வைத்து 2010இல் அமெரிக்காவில் மேத்யூ ஆண்டர்சனும் சாரா வில்லியம்ஸும் கண்டது இதற்குப் பொருந்துகிறது. அவை தரையில் நிற்பதைவிடத் தண்ணீரில் நிற்கும்போதுதான் ஒற்றைக் காலை அதிகம் பயன்படுத்தின, குளிர்ந்த நேரத்தில் இன்னும் அதிகம்.

ஆனால் நம் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக்குப் பூநாரை வரும் காலத்தில் நல்ல வெயிலில் போய்ப் பாருங்கள். உப்புத் தண்ணீர் காலைச் சுடும், அப்போதும் ஒற்றைக் காலில்தான் நிற்கும். சூட்டுக் கணக்கு மட்டும் என்றால் இது ஒட்டவில்லை. 2017இல் அட்லாண்டாவில் யங்-ஹுய் சாங், லீனா டிங் இருவரும் இதற்கு விடை கொடுத்தார்கள். இறந்த பூநாரையின் உடலை ஒற்றைக் காலில் சரியான கோணத்தில் நிறுத்தினால், தசையின் உதவி கொஞ்சமும் இல்லாமல் அது அப்படியே நின்றது! இரண்டு காலில் நிற்கிற கோணத்துக்குக் கொண்டுவந்தால் அந்த உறுதி போய்விட்டது. காரணம் காலின் கணக்கில் இருக்கிறது. பூநாரைக்கு நடுக்காலில் பின்பக்கம் மடங்குகிறதே, அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் உடம்போடு ஒட்டி இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பின் பாரம் அந்த முழங்காலுக்கு முன்னால் விழுகிறது. அதனால் பாரமே மூட்டை ஒரு நிலையில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. உயிருள்ள இளம் பூநாரைகளையும் அளந்து பார்த்தார்கள். தூங்கும்போதுதான் உடம்பின் ஆட்டம் குறைந்தது, விழித்திருக்கும்போது கூடியது. "கஷ்டப்பட்டு ஏன்" என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. அதற்கு இரண்டு காலில் நிற்பதுதான் வேலை, ஒற்றைக் காலில் நிற்பது ஓய்வு.

மூன்றாவது தேவை, எதன் வாயிலும் சிக்காமல் இருப்பது. அடுத்த தடவை மகளைக் கூட்டிக்கொண்டு தேரூர் போகும்போது ஒரு வேலை சொல்லுங்கள். கரையில் வரிசையாகத் தூங்கும் வாத்துகளில் ஓரத்தில் இருப்பதன் கண்ணைப் பைனாகுலரில் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு வெளியே பார்க்கும் கண் திறந்திருக்கும். மூளையின் ஒரு பாதி தூங்க, மறு பாதி விழித்திருக்கிறது. பறவையின் வலக்கண் நரம்பு முழுக்க இடப்பக்க மூளைக்கும், இடக்கண் நரம்பு வலப்பக்க மூளைக்கும் போவதால், எந்தக் கண் திறந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க மூளை காவலில் இருக்கிறது என்று பொருள். 1999இல் நீல்ஸ் ராட்டன்போர்க் குழு நான்கு நான்கு வாத்துகளை வரிசையாக வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தது. நடுவில் இருந்த வாத்துகளைவிட ஓரத்து வாத்துகள் இந்தப் பாதித் தூக்கத்தை ஒன்றரை மடங்கு கூடுதலாகத் தூங்கின. நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கின. இடம் மாறினால் தூக்கமும் மாறியது. எவ்வளவு மூளையைத் தூங்கவிடலாம் என்பதை அந்தப் பறவை இருக்கிற இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது.

நேரத்தைப் பொடிப்பொடியாக உடைத்துத் தூங்குவதும் உண்டு. அண்டார்டிக்காவில் சின்ஸ்ட்ராப் பென்குயின்கள் முட்டையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவைக்குச் சராசரியாக 4 நொடிதான் தூங்குகின்றன என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படி ஒரு நாளைக்கு 10,000 தடவைக்கு மேல். கூட்டிப் பார்த்தால் 11 மணி நேரத் தூக்கம் வந்துவிடுகிறது.

மணக்குடி காயல் முகத்துக்குப் போனால் இன்னொன்று தெரியும். மணல்திட்டில் ஓய்வெடுக்கும் கடற்காகங்களும் ஆலாக்களும் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். அது காற்று வருகிற திசை. வாலைக் காற்றுக்குக் காட்டினால் இறகு விரிந்து சூடு போய்விடும், ஆபத்து வந்தால் எழும்பவும் கஷ்டம். எதிர்காற்றில்தான் சுலபமாக எழும்பலாம்.

பனையைப் பற்றிச் சொல்லாமல் நம் மாவட்டத்துப் பறவைத் தூக்கம் முடியாது. பனை உழவாரன் என்று ஒரு சின்னப் பழுப்புப் பறவை, பிளந்த வாலோடு பனை மண்டையைச் சுற்றி வில் மாதிரி வளைந்து பறக்கும். அது கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அதன் காலுக்கு உட்காரும் அமைப்பே கிடையாது. குட்டைக் கால், கூர் நகம், செங்குத்தான பரப்பில் ஒட்டிக்கொள்ள மட்டும்தான் ஆகும். அதனால் தொங்கும் காவோலையின் அடிப்பக்கத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு தூங்குகிறது. இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டி அதே ஓலையின் அடியில் கூடும் வைக்கிறது. ஓலை ராத்திரி முழுக்கக் காற்றில் ஆடும், ஆரல்வாய்மொழிக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம், அதோடு சேர்ந்து இதுவும் ஆடும். பனை ஏறுகிறவர்கள் காவோலையைக் கழிக்கும்போது கலைந்து பறக்கும் பறவை இதுதான்.

இதே உழவாரன் குடும்பத்தில் ஐரோப்பிய உழவாரன் ஒட்டிக்கொள்வதையும் பெரும்பாலும் விட்டுவிட்டது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து ஆண்டர்ஸ் ஹெடன்ஸ்ட்ரோம் குழு 2016இல் காட்டியபடி, கூடு வைக்காத மாதங்களில் 10 மாதம் வரை கிட்டத்தட்ட வானத்திலேயே கழிக்கிறது. பறந்துகொண்டே தூங்க முடியுமா என்ற கேள்விக்கு அதே ஆண்டு வேறொரு பறவையில் நேரடியாகப் பதில் கிடைத்தது. கலாபகோஸ் தீவுகளில் பெரிய பிரிகேட் பறவைகளின் தலையில் மூளை அலை பதியும் கருவியைப் பொருத்தி விட்டார்கள். அவை 10 நாள் வரை தொடர்ந்து கடல் மேல் பறந்தன, பறந்துகொண்டே தூங்கவும் செய்தன. பெரும்பாலும் மேலே ஏறும் காற்றில் வட்டமிடும்போது, வட்டமிடும் திசையைப் பார்க்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கின. ஆனால் ஒரு நாளைக்குச் சராசரி 42 நிமிடம்தான். கரைக்கு வந்தால் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கித் தீர்த்தன. கடும் தென்மேற்குப் பருவக் காற்றில் வழிதவறி பிரிகேட் பறவை ஏதாவது தமிழ்நாட்டு, கேரளக் கரைக்கு எப்போதாவது வந்து சேர்வதுண்டு.

பகலில் தூங்குகிறவற்றுக்கு வேறு தேவை, கண்ணில் படாமல் இருப்பது. மலைக்காட்டில் தவளைவாயன் காய்ந்த இலைக் கொத்துக்குள் அலகை மேலே தூக்கிக்கொண்டு, ஜோடியாக, முறிந்த கொம்பு மாதிரி அசையாமல் இருக்கும். பக்கி என்ற ராத்திரிப் பறவைகளில் சில கிளைக்குக் குறுக்காக உட்காராமல் கிளையின் நீளத்துக்கே படுத்துவிடும், கிளையில் ஒரு புடைப்பு என்றுதான் தோன்றும். ஆந்தைக் குஞ்சு இன்னொரு வகை. தலை கனம், கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை. அதனால் குப்புறப் படுத்து முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துத் தூங்கும். தென்னம்பொந்தில் இப்படிக் கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எடுத்து வெளியே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

தூக்கம் என்று தப்பாக நினைக்கும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். கோழியின் தலையைச் சிறகுக்குள் அமுக்கி ஆட்டிவிட்டுப் "பாரு, தூங்கிட்டு" என்று பிள்ளைகள் காட்டும். அது தூக்கம் இல்லை. பிடிபட்ட பயத்தில் உடம்பு விறைத்துப் போகிற நிலை, கோழிக்கு அது வேதனை. இன்னொன்று, மைனாவும் புறாவும் வெயிலில் ஒரு சிறகை விரித்து வாயைத் திறந்து சாய்ந்து கிடப்பது. அது வெயில் காய்வது, கிட்டே போனால் எழுந்து ஓடிவிடும்.

பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு ராத்திரிப் பறவை நிறையக் கண்ணில் படும் என்பதால் கடைசியாக இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தூங்கும் பறவையின் மேல் வெளிச்சத்தை நிறுத்தி வைக்காமல் நகர்ந்துவிடுங்கள். இருட்டில் கலைந்த சின்னக்கிளிக்கு இன்னொரு கொம்பு தேடிப் பிடிப்பது கஷ்டம். சீக்குப் பறவையை அடையாளம் காண்பது வேறு விதம். நல்ல பகலில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் பாதி மூடி, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆட, நீங்கள் கிட்டே போயும் நகராமல் தரையில் இருந்தால் அதற்குத்தான் உதவி தேவை. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் எதையும் ஊற்றாமல், நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தரையில் விழுந்த உழவாரன் என்றால் மேலே தூக்கி எறியாதீர்கள். காயம் இல்லை என்றால் பனந்தடியில் உயரமாக ஒட்டவைத்துவிட்டால் போதும், அங்கிருந்து அதுவே பறந்துவிடும். சின்னக்கிளி அழகாக இருக்கிறது என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டில் போடுவது மட்டும் வேண்டாம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் பிடித்து வளர்ப்பது குற்றம்.